டெல்ட்ராசில் எரிவதற்கு முன்னும் பின்னும்: மூலக்கதையின் நிகழ்வை எங்கள் பாத்திரங்களின் வாழ்வில் சேர்த்த பதிவு

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய விளையாட்டின் ஏழாவது எக்ஸ்பான்ஷனான (கதையை நீட்டும் பெரிய விரிவாக்கமான) பேட்டில் ஃபார் அசெரோத் 2017 நவம்பரில் அறிவிக்கப்பட்டபோதே, நைட் எல்ஃப்களின் உலக மரமான டெல்ட்ராசில் அதில் எரியப்போகிறது என்பதும் எங்களுக்குத் தெரிந்துவிட்டது. பாத்திரமாகவே பேசி ஆடுபவர்களுக்கான ஆர்பி (ரோல்பிளே) சர்வர் ஒன்றில் நாங்கள் நடத்திவந்த சிறு கில்டில் (குழுவில்) அப்போது 14 பாத்திரங்கள் இருந்தன. அவற்றில் 9 பாத்திரங்களின் வீடு அந்த மரத்தின் உச்சியில் அமைந்த டார்னாசஸ் நகரம். எங்களுடையது போர்வீரர் கூட்டம் அல்ல. காயத்துக்குக் கட்டுப் போடுபவர்கள், மூலிகை விற்பவர்கள், படகோட்டிகள், ஒரு முதிய எழுத்தர் என்று அன்றாட வாழ்க்கை வாழும் பாத்திரங்களையே மூன்று ஆண்டுகளாக ஆடிவந்தோம். முடிவை எட்டு மாதம் முன்னதாகவே அறிந்துகொண்ட நாங்கள் அதை எங்கள் கதைக்குள் எப்படிக் கொண்டுவந்தோம், எங்கே தவறினோம், எதைத் திருத்தினோம் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். 2018 ஆகஸ்டுக்குள் முடிந்துவிடும் என்று நான் நினைத்த வேலை 2024 ஜனவரி வரை நீண்டது.

இதற்கு முன் நாங்கள் செய்த முயற்சி ஒன்று தோற்றுப்போயிருந்தது. அதைச் சொல்லாமல் இதைச் சொன்னால் எங்கள் விதிகள் எங்கிருந்து வந்தன என்பது விளங்காது. 2016 ஆகஸ்டில் முந்தைய எக்ஸ்பான்ஷனான லீஜியன் வெளிவந்த காலத்தில், புரோக்கன் ஷோர் போரில் மனிதர்களின் தலைநகரான ஸ்டார்ம்விண்டின் அரசர் வேரியன் ரின் இறந்தார். நாங்கள் எதையும் திட்டமிடவில்லை. அந்தப் போரைத் தனித்தனியே ஆடி முடித்துவிட்டு வார இறுதியில் விடுதியில் கூடியபோது, நான்கு பாத்திரங்கள் அடுத்தடுத்து எழுந்து, தாமே அரசருக்கு மிக அருகில் நின்றதாகக் கண்ணீருடன் விவரித்தன. விளையாட்டை உருவாக்கிய நிறுவனம் எழுதிய மூலக்கதையின்படி, மற்றவர்கள் வான்கப்பலில் தப்பிச் செல்வதற்காக வேரியன் தனியாகக் கீழே குதித்துத்தான் உயிர்விட்டார். அவர் அருகில் எவரும் இருந்திருக்க முடியாது. பிழை அதோடு நிற்கவில்லை. நான்கு பேர் மையத்தில் நின்றுவிட்டதால், போருக்கே போகாத மற்றப் பாத்திரங்களுக்குக் கேட்டுத் தலையசைப்பதைத் தவிர வேறு வேலை இல்லாமல் போனது. இரண்டு நண்பர்கள் அதன்பின் ஒரு மாதம் வரவில்லை.

அதன் காரணத்தை நான் பின்னர்தான் புரிந்துகொண்டேன். விளையாட்டு தரும் பணிகளான குவெஸ்ட்டுகள் ஒவ்வொரு விளையாட்டாளரையும் நோக்கி, உலகைக் காக்கப் பிறந்த ஒரே வீரர் நீங்கள்தான் என்று பேசுகின்றன. தனியாக ஆடும்போது அது பொருத்தமாக இருக்கலாம். ஆனால் 14 பேர் ஒரே அறையில் உட்காரும்போது 14 பேரும் அந்த ஒரே வீரராக இருக்க முடியாது. ஆகவே டெல்ட்ராசில் விஷயத்தில் நாங்கள் எடுத்த முதல் முடிவு, குவெஸ்ட்டில் நம் கைகள் செய்தவை வேறு, நம் பாத்திரங்கள் வாழ்ந்தவை வேறு என்பதாகும். குவெஸ்ட்டை எல்லோரும் ஆடலாம், ஆட வேண்டும். ஆனால் அங்கே பெற்ற வெற்றியோ பட்டமோ பாத்திரத்தின் வாழ்க்கையில் நுழையாது. உலகில் என்ன நடந்தது என்பது மட்டுமே அங்கிருந்து வரும்.

அடுத்து, எல்லோரும் திறந்து பார்க்கக்கூடிய ஓர் அட்டவணையைத் தொடங்கினேன். முதல் பத்தியில் மூலக்கதையின் நிகழ்வு. இரண்டாவதில் அந்த நிகழ்வை யார் கண்ணால் பார்த்திருக்க முடியும். மூன்றாவதில் அந்தச் செய்தி சாதாரண மனிதர் ஒருவரின் காதுக்கு எப்போது, எந்த வடிவில் வந்து சேரும். நான்காவதில் எங்கள் பாத்திரங்களின் எந்த வேலையை, எந்த உறவை அது தொடும். முதல் பத்தியை நிரப்ப அரைமணி நேரம்கூட ஆகவில்லை, ஏனெனில் லோர் (விளையாட்டு உலகின் வரலாறு) அறிந்தவர்கள் எங்களில் பலர் இருந்தார்கள். மற்ற மூன்றும்தான் மாதக்கணக்கில் எங்களிடம் வேலை வாங்கின. பாத்திரமேற்பில் மூலக்கதை சேர்வதும் சேராமல் ஒட்டிக்கொண்டு நிற்பதும் அந்த மூன்று பத்திகளைப் பொறுத்தே இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

நான்காவது பத்தியை நிரப்பத் தொடங்கியபோதுதான் எங்கள் குறை தெரிந்தது. 9 பாத்திரங்களின் குறிப்புகளில் வீடு டார்னாசஸ் என்று எழுதியிருந்தோமே தவிர, அந்த நகரில் நாங்கள் ஆடிய காட்சிகள் மிகக் குறைவு. கூட்டம் இருக்கும் இடம் ஸ்டார்ம்விண்ட் என்பதால் எல்லாக் காட்சிகளும் அங்கேயே நடந்துவந்தன. வாழ்ந்து பார்க்காத வீடு எரிந்தால் பாத்திரத்துக்கு என்ன வலிக்கும்? அப்போதுதான், முன்கூட்டியே தெரிந்த முடிவை எதற்குப் பயன்படுத்துவது என்ற கேள்விக்கு எங்களுக்கு விடை கிடைத்தது. பாத்திரங்களைக் காப்பாற்றுவதற்கு அதைப் பயன்படுத்தக் கூடாது. அவை இழக்கப்போவதைக் கட்டி எழுப்புவதற்கே பயன்படுத்த வேண்டும்.

2017 டிசம்பர் முதல் வாரம் ஒரு மாலை டார்னாசஸில் கூடினோம். கைவினைஞர் மேடையில் ஒரு ரொட்டிக் கடையைக் கற்பனையாக நிறுவினோம். கரடி வடிவில் செதுக்கிய மரத்துக்குள் இருக்கும் வங்கியின் வாசலில் எங்கள் எழுத்தர் கடிதம் எழுதிக் கொடுக்க உட்கார்ந்தார். மரத்தின் அடியில் உள்ள ருத்தெரான் கிராமத்தில் எங்கள் படகோட்டிக்கு ஒரு போட்டியாளர் உருவானார். தங்கள் நாடான கில்னியாஸை இழந்து அகதிகளாக வந்த வோர்கன் இனத்தவர் அந்த நகரின் ஹவுலிங் ஓக் பகுதியில் வாழ்ந்ததால், எங்கள் மூன்று வோர்கன் பாத்திரங்களுக்கும் அங்கே இயல்பாகவே ஒரு தெரு அமைந்தது. இந்தக் காட்சிகளில் போரும் இல்லை, மர்மமும் இல்லை. கடன் வாங்கிய கூடையைத் திருப்பித் தராததற்கு இரண்டு மூலிகை வணிகர்கள் மூன்று வாரம் பேசாமல் இருந்தார்கள். எட்டு மாதத்தில் எங்கள் எமோட்டுகளில் (பாத்திரத்தின் செயலை விவரிக்கும் அரட்டை வரிகளில்) அவ்வப்போது வந்துபோன பின்னணி மனிதர்களை எண்ணினால் 31 பேர் இருந்தார்கள். விளையாட்டில் உருவமே இல்லாத, எங்கள் சொற்களில் மட்டும் வாழ்ந்த 31 பேர்.

இந்த மாதங்களில் கடினமாக இருந்தது அறியாமையைக் காப்பதுதான். ஜூன் மாதத்தில் ஒரு நண்பர், தம் பாத்திரத்தின் தங்கையைத் திடீரென்று ஸ்டார்ம்விண்டுக்குப் படிக்க அனுப்பினார். பாத்திரத்துக்குத் தெரிய வாய்ப்பில்லாததை விளையாட்டாளரின் அறிவால் செய்வதை மெட்டாகேமிங் என்பார்கள். அதைக் கண்டதும் தடுத்துவிடுவது வழக்கம். ஆனால் அவரிடம் தனியாகப் பேசியபோது, அந்தத் தங்கையை இழக்கும் காட்சியை ஆடும் மனநிலையில் தாம் இல்லை என்றும், குடும்பத்தில் அண்மையில் ஒரு மரணம் நிகழ்ந்தது என்றும் சொன்னார். தடுப்பதில் பொருள் இல்லை. தங்கை போகட்டும், ஆனால் அதற்கான காரணம் பாத்திரத்தின் உலகுக்குள் முன்பே விதைக்கப்பட்டதாக இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். தங்கைக்கு வந்திருந்த ஒரு பழைய அழைப்புக் கடிதத்தை எழுத்தர் வாசித்துக் காட்டும் காட்சி அப்படித்தான் உருவானது. அதோடு, இழப்பின் அளவை ஒவ்வொருவரும் பாத்திரத்துக்கு வெளியே எனக்குத் தனியாகச் சொல்லிவிடலாம், காரணம் கேட்கப்படாது என்ற விதியையும் அட்டவணையின் தலைப்பில் எழுதிவைத்தேன். ஐந்து பேர் அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

31 பின்னணி மனிதர்களில் யார் பிழைப்பார் என்பதை எப்படித் தீர்மானிப்பது என்று நீண்ட விவாதம் நடந்தது. எங்கள் விருப்பப்படி தேர்ந்தெடுத்தால், கதைக்கு அழகாக அமையும் மரணங்களை மட்டுமே எழுதுவோம் என்ற அச்சம் எனக்கு இருந்தது. தீ அழகு பார்ப்பதில்லை. ஆகவே நெருங்கிய உறவுகளின் விதியை அந்தந்த விளையாட்டாளரிடம் விட்டுவிட்டு, மற்ற அனைவருக்கும் விளையாட்டிலேயே உள்ள ரோல் கட்டளையால் 1 முதல் 100 வரை பகடை உருட்டுவது என்று வைத்தோம். மரத்தின் அடியில் படகுகளுக்கு அருகில் இருப்பவர் 50-க்கு மேல் பெற்றால் பிழைப்பார். நகரின் உள்ளே இருப்பவருக்கு 80-க்கு மேல் வேண்டும். பகடையை முன்கூட்டியே உருட்டிவிட்டு, முடிவை நான் மட்டும் வைத்துக்கொண்டேன். ரொட்டிக் கடைக்காரருக்கு 79 விழுந்தது. இரண்டே எண் குறைவு என்பதால் மாற்றலாமா என்று ஓர் இரவு முழுவதும் யோசித்தேன். ஒன்றை மாற்றினால் மற்றவர்களுக்கும் நியாயம் இருக்காது என்று அப்படியே விட்டேன்.

2018 ஜூலை இறுதியில், எக்ஸ்பான்ஷன் வெளிவருவதற்கு முந்தைய நிகழ்வாக வார் ஆஃப் தார்ன்ஸ் அடுத்தடுத்த வாரங்களில் பகுதி பகுதியாகத் திறக்கப்பட்டது. சில்வானஸ் விண்ட்ரன்னரின் தலைமையில் எதிரணியான ஹோர்டின் படை ஆஷென்வேல் வழியாக டார்க்‌ஷோர் கடற்கரையை அடைந்தது. இறுதியில் மரம் எரிந்தது. நைட் எல்ஃப்கள் சேர்ந்த அலையன்ஸ் அணியில் ஆடியவருக்கு, எரியும் நகருக்குள் சென்று 982 குடிமக்களை மூன்று நிமிடத்தில் மீட்கச் சொல்லும் குவெஸ்ட் தரப்பட்டது. எவராலும் முடியவில்லை. ஓடி ஓடி ஒவ்வொருவராக அனுப்பிக்கொண்டிருக்கும்போதே நேரம் தீர்ந்துவிட்டது. புகையில் மூச்சு முட்டி, மாயவாசல் வழியே வெளியேற வேண்டியிருந்தது. தோல்வியையே அனுபவமாகத் தரும்படி எண்களை வைத்து அமைத்த அந்த வடிவமைப்பை நான் மிகவும் மதிக்கிறேன். ஆயினும் அதை நேராக எங்கள் காட்சியாக்கக் கூடாது என்பதில் தெளிவாக இருந்தோம். அந்த நகரம் ஒவ்வொருவருக்கும் அவரவர் கதைநிலையைப் பொறுத்துத் தனித்தனியாக எரிந்தது. ஒருவர் கண்ணில் தீ இருக்கும்போது மற்றவர் கண்ணில் நகரம் அமைதியாக நின்றிருக்கக்கூடும். அங்கே கூடி நிற்கவே முடியவில்லை.

எனவே காட்சியை ஸ்டார்ம்விண்டின் கதீட்ரல் சதுக்கத்தில் வைத்தோம். எல்லோரும் முதலில் தனியாகக் குவெஸ்ட்டை முடித்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துச் சதுக்கத்துக்கு வர வேண்டும். டார்னாசஸில் இருந்த பாத்திரங்கள் மாயவாசலிலிருந்து வெளியே விழுந்தவர்களாக வந்தார்கள். ஸ்டார்ம்விண்டில் இருந்தவர்கள் துணியும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு ஓடி வந்தவர்களாக வந்தார்கள். தோற்றத்தை மாற்ற விளையாட்டில் வழி இல்லாதபோது, டோட்டல் ஆர்பி 3 என்ற அட்ஆன் (விளையாட்டோடு சேர்க்கும் துணை நிரல்) பெரிதும் உதவியது. அதில் பாத்திரத்தின் இப்போதைய நிலையை எழுதும் சிறு பகுதி ஒன்று உண்டு. தலைமுடியில் சாம்பல், இடது கையில் கொப்புளம், ஒரு காலில் மட்டும் செருப்பு என்று ஒவ்வொருவரும் ஒரே வரியில் எழுதியிருந்தார்கள். அருகில் வந்து பார்ப்பவருக்கு அந்த வரி தெரிந்ததால், சொல்லாமலே காட்சி நிரம்பியது. எங்கள் கில்டில் இல்லாத எட்டுப் பேர் அதைப் படித்துவிட்டுத் தாமாகவே வந்து உதவத் தொடங்கினார்கள்.

அந்த இரவின் ஒழுங்கு பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். விளையாட்டின் அரட்டையில் ஒரு செய்திக்கு 255 எழுத்துகள்தான் வரம்பு. அதை மீறும் நீண்ட எமோட்டுகளைத் துண்டு துண்டாகப் பிரித்து அனுப்பும் அட்ஆன்கள் உண்டு. வழக்கமாக நாங்களும் பயன்படுத்துவோம். அன்று அவற்றை நிறுத்திவைக்கச் சொன்னேன். 20 பேருக்கு மேல் ஒரே இடத்தில் நிற்கும்போது ஒருவரின் நான்கு துண்டு எமோட் மற்ற மூவரின் சொற்களை மேலே தள்ளி மறைத்துவிடும். வரம்புக்குள் எழுத வேண்டியிருந்ததால் வருணனை சுருங்கியது, செயல் மிஞ்சியது. மருத்துவச்சி பாத்திரத்தை ஆடியவள் நான். நாற்பது நிமிடம் நான் எழுதியவை பெரும்பாலும் தண்ணீர் ஊற்றுதல், துணி கிழித்தல், பெயர் கேட்டல் ஆகிய மூன்று செயல்களே. பெயர் கேட்டபோதுதான் பகடையின் முடிவுகள் வெளிவந்தன. எங்கள் சொற்களில் வாழ்ந்த அந்த 31 பேரின் பெயர்களை எழுத்தர் ஒவ்வொன்றாக அழைக்க, மாயவாசல் வழியே வந்தவர்களில் இருந்தால் நான் ஓர் எமோட்டால் பதில் சொன்னேன். இல்லையென்றால் எதையும் எழுதாமல் விட்டேன். 9 பதில்கள் வந்தன. ரொட்டிக் கடைக்காரரின் பெயருக்குப்பின் அரட்டைச் சாளரம் இரண்டு நிமிடம் அசையவே இல்லை. கூடைக்காகச் சண்டையிட்ட இரண்டு வணிகர்களில் ஒருவர் எழுந்து சென்று மற்றவர் அருகில் உட்கார்ந்தார் என்ற ஒரு வரி அதன்பின் வந்தது. அதை யாரும் திட்டமிடவில்லை.

பிழை இரண்டு நாள் கழித்து வந்தது. மரத்தை எரிக்கும்படி சில்வானஸ் ஏன் ஆணையிட்டாள் என்பதை, கடற்கரையில் உயிர்போகும் நிலையில் கிடந்த டெலாரின் சம்மர்மூன் என்ற நைட் எல்ஃப் தளபதியுடன் அவள் பேசும் குறும்படமாக நிறுவனம் வெளியிட்டிருந்தது. நாங்கள் எல்லோரும் பார்த்திருந்தோம். அந்த உரையாடலைக் கேட்டு, உயிருடன் எங்கள் பக்கம் திரும்பி வந்தவர் எவரும் இல்லை. ஆனாலும் எங்கள் வோர்கன் பாத்திரம் ஒன்று கோபத்தின் வேகத்தில் அந்த உரையாடலின் சாரத்தை அப்படியே விடுதியில் சொல்லிவிட்டது. பொதுவாக இரட்டை அடைப்புக்குறி போட்டு, பாத்திரத்துக்கு வெளியே பேசி, சொன்னதைத் திரும்பப் பெறச் சொல்வார்கள். நடந்துகொண்டிருக்கும் காட்சியை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. உனக்கு இதை யார் சொன்னது என்று என் பாத்திரம் கேட்டது. துறைமுகத்தில் ஒரு மாலுமி என்று அவர் சமாளித்தார். அடுத்த நாள் இன்னொரு பாத்திரம் வேறொரு மாலுமியிடமிருந்து முற்றிலும் வேறு காரணத்தைக் கொண்டுவந்தது. ஒரே வாரத்தில் விடுதியில் ஐந்து காரணங்கள் உலவின. அவற்றில் ஒன்று உண்மை, எது என்று பாத்திரங்களுக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அட்டவணையின் மூன்றாவது பத்தியில், செய்தி எந்த நாளில் வரும் என்பதோடு, எந்தப் பொய்களோடு கலந்து வரும் என்பதையும் எழுதத் தொடங்கினோம். இது நாங்கள் கண்டுபிடித்தவற்றில் மிகவும் பயனுள்ளது என்று நினைக்கிறேன்.

அதே ஆண்டு டிசம்பரில் 8.1 பேட்ச் (புதுப்பிப்பு) வந்தபோது, டார்க்‌ஷோரை மீட்கும் போர் தொடங்கியது. அந்தப் போர்முனை விளையாட்டின் அமைப்புப்படி சில நாட்களுக்கு ஒருமுறை அலையன்ஸ், ஹோர்டு என்று கைமாறிக்கொண்டே இருக்கும். அதை அப்படியே கதையாக எடுத்துக்கொண்டால் ஒரு மாதத்தில் நான்கு முறை நிலத்தை வென்று நான்கு முறை இழக்க வேண்டிவரும்; எந்த மனிதருக்கும் அது பொருந்தாது. அதை ஒரே நீண்ட படையெடுப்பாகக் கொண்டோம். டார்க்‌ஷோரில் நிற்கும் ஸிடோர்மி என்ற வெண்கல டிராகனிடம் பேசினால் எரிவதற்கு முந்தைய நிலத்தைக் காட்டுவாள். பழைய குவெஸ்ட்டுகளை ஆட விரும்புவோருக்காக வைத்த வசதி அது. பாத்திரங்கள் இழந்த வீட்டை அவள் வழியாகப் போய்ப் பார்த்துவரலாமா என்று இருவர் கேட்டனர். நான் மறுத்தேன். இழப்பை எப்போது வேண்டுமானாலும் பின்னோக்கி மாற்ற முடியும் என்றால் சதுக்கத்தில் வாசித்த பெயர்களுக்கு மதிப்பு இருக்காது. ஆனால் விளையாட்டாளர்களாக, பாத்திரத்துக்கு வெளியே, ஒருமுறை எல்லோரும் சேர்ந்து சென்று அந்தக் கைவினைஞர் மேடையில் நின்றுவிட்டு வந்தோம்.

2019 செப்டம்பரில் வந்த 8.2.5 பேட்ச்சில் ஹோர்டின் மூத்த தளபதி சவுர்ஃபாங் இறந்ததும் சில்வானஸ் ஹோர்டைக் கைவிட்டுப் போனதும் போருக்கு முடிவு கட்டின. எங்கள் பாத்திரங்களுக்கு அது வாசலில் ஒட்டப்பட்ட ஓர் அறிவிப்பாக மட்டுமே வந்தது. அதைக் கேட்டு ஒருவர்கூட மகிழவில்லை. நைட் எல்ஃப்களின் தலைவியான டைராண்டே போரை முடித்த அமைதி உடன்படிக்கையை ஏற்கவில்லை என்ற செய்திதான் எங்கள் விடுதியில் அதிக நேரம் பேசப்பட்டது.

உண்மையான சோதனை 2020 நவம்பரில், மறுவுலகில் நடக்கும் அடுத்த எக்ஸ்பான்ஷனான ஷேடோலேண்ட்ஸுடன் வந்தது. அதற்கு ஓராண்டு முன் டார்க்‌ஷோர் கடற்கரையில் நாங்கள் ஓர் இறுதிச் சடங்கை நடத்தியிருந்தோம். இறந்தவர்கள் எலூன் தேவியின் ஒளியில் சேர்ந்துவிட்டார்கள் என்று என் மருத்துவச்சி சொன்னாள், கேட்டவர்கள் நம்பினார்கள், பலர் அங்கிருந்துதான் எழுந்து நடக்கத் தொடங்கினார்கள். புதிய கதையோ டெல்ட்ராசிலில் இறந்தவர்களின் ஆன்மாக்கள் மாவ் என்னும் மீளா நரகத்தில் விழுந்தன என்றது. இந்த ஒரு செய்தி எங்கள் கில்டை உடைக்கும் அளவுக்குச் சென்றது. மூலக்கதையின் இந்தப் பகுதியை ஏற்க வேண்டாம், நமக்கு அது நடக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம் என்று ஆறு பேர் கேட்டார்கள். அவர்கள் வலியில் எனக்கும் பங்கு இருந்தது. ஆனாலும் சர்வரில் மற்ற எல்லோரும் வாழும் உலகிலிருந்து நாங்கள் மட்டும் பிரிந்துவிட்டால், சதுக்கத்தில் அன்று தாமாக வந்து உதவியவர்களைப் போன்ற அந்நியர் யாரும் இனி எங்கள் காட்சிக்குள் வர முடியாது.

நாங்கள் கண்ட வழி தாமதம். உயிரோடு இருப்பவர் மறுவுலகின் செய்தியை அறிவது எளிதல்ல. அங்கே போய் வந்தவர்கள் மிகச் சிலர், அவர்களில் எவரும் எங்கள் கில்டில் இல்லை. ஆகவே நான்கு மாதம் எங்கள் பாத்திரங்களுக்கு எதுவும் தெரியாது என்று வைத்தோம். அதற்குள் யார் எப்போது எப்படி அறிய விரும்புகிறார்கள் என்று ஒவ்வொருவரும் அட்டவணையில் எழுதினார்கள். மூவர் தங்கள் பாத்திரங்கள் ஒருபோதும் அறியாமலே இருக்கட்டும் என்றார்கள், அவர்களிடம் எவரும் சொல்லவில்லை. என் மருத்துவச்சிக்கு அந்தச் செய்தியை, காய்ச்சலில் கிடந்த ஒரு படைவீரர் வழியாக வரவைத்தேன். அவள் கடற்கரையில் சொன்னது பொய்யாகிவிட்டது. அன்று அவள் அதை நம்பிச் சொன்னாள் என்பது பொய்யாகவில்லை. அவள் சடங்கில் இருந்த ஒவ்வொருவரையும் தேடிச் சென்று, சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கி, சிலரிடம் சொல்லி, சிலரிடம் சொல்லாமல் திரும்பிய காட்சிகள் 2021 முழுவதும் நீண்டன. மூலக்கதை எங்கள் கதையை முறித்துப்போட்ட அந்த இடத்திலிருந்துதான் எங்கள் மிகச் சிறந்த ஆண்டு தொடங்கியது.

காலக்கணக்கு பற்றியும் ஒரு சொல். வார்கிராஃப்ட்டில் ஓர் எக்ஸ்பான்ஷனுக்கும் அடுத்ததற்கும் இடையே கதையில் எவ்வளவு காலம் கடந்தது என்பது தெளிவில்லாமல் இருக்கும். 2022 நவம்பரில் வந்த டிராகன்ஃப்ளைட், ஷேடோலேண்ட்ஸுக்குச் சில ஆண்டுகள் கழித்து நடப்பதாகச் சொல்லப்பட்டபோது எங்கள் பாத்திரங்களுக்கு ஒரே இரவில் வயது கூடியது. வேறு விளையாட்டுகளில் இதே அட்டவணையைப் பயன்படுத்திய நண்பர்களின் அனுபவம் இதில் எனக்கு உதவியது. கில்டு வார்ஸ் 2-இல் உலகின் ஆண்டு நம் ஆண்டோடு சேர்ந்தே நகர்கிறது. 2012 அங்கே 1325, ஆகவே 2014 பிப்ரவரியில் லயன்ஸ் ஆர்ச் நகரம் அழிந்தபோதும், 2015-இல் அது மீண்டும் கட்டி எழுப்பப்பட்டபோதும், பாத்திரங்கள் இடிபாடுகளில் உண்மையிலேயே ஓர் ஆண்டுக்கு மேல் வாழ்ந்தார்கள். எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைனிலோ வெளிவரும் கதைகள் ஏறக்குறைய எல்லாமே இரண்டாம் யுகத்தின் 582-ஆம் ஆண்டிலேயே நிற்கின்றன. அங்கே ஆடுபவர்கள் தங்களுக்குள் ஒரு நாட்காட்டியை ஒப்புக்கொள்ளாமல் நகரவே முடியாது. ஃபைனல் ஃபேண்டஸி 14-இன் முதல் வடிவம் 2012 நவம்பரில் ஒரு பேரழிவுடன் மூடப்பட்டு, 2013 ஆகஸ்டில் ஐந்து ஆண்டுகள் கடந்த உலகமாகத் திரும்பியபோது, பழைய வீரர்கள் இருந்ததை மக்கள் நினைவில் வைத்திருந்தார்கள், முகங்கள் மட்டும் நினைவில் இல்லை. விளையாட்டாளர்களின் பழைய வாழ்வை அழிக்காமலும் மையத்தில் வைக்காமலும் விட்ட அந்தத் தீர்வு எனக்கு மிகவும் பிடித்தது. இவற்றைப் பார்த்தபின், இடைப்பட்ட ஆண்டுகளுக்கு ஒவ்வொருவரும் மூன்று கடிதங்கள் எழுத வேண்டும் என்று எங்கள் எழுத்தர் சொன்னார். பாத்திரங்கள் எங்கே போயின, என்ன வேலை செய்தன, யாரை இழந்தன என்பதெல்லாம் அந்தக் கடிதங்களால் நிலைபெற்றது.

2023 நவம்பரில் வந்த 10.2 பேட்ச்சில், மறுவுலகின் ஒரு பகுதியான ஆர்டன்வீல்டிலிருந்து வந்த விதையிலிருந்து அமிர்ட்ராசில் என்ற புதிய உலக மரம் வளர்ந்தது. 2024 ஜனவரியில் 10.2.5 பேட்ச் அங்கே நைட் எல்ஃப்களின் புதிய ஊரான பெல்லாமெத்தைத் திறந்தது. அதே பேட்ச்சில் கில்னியாஸும் மீட்கப்பட்டது. இரண்டும் ஒரே நாளில் வந்ததால் எங்கள் கில்டு இரண்டாகப் பிரியும் நிலை வந்தது. வோர்கன் பாத்திரங்கள் மூன்றும் டார்னாசஸில் ஒரு வீட்டையும் அதற்கு முன் கில்னியாஸில் ஒரு வீட்டையும் இழந்தவை. அவற்றில் ஒன்று பெல்லாமெத்துக்கு வர விரும்பியது; மற்ற இரண்டும் பழைய ஊருக்கே போயின. இதை யாரும் வற்புறுத்தவில்லை. பிரிவுக் காட்சியை அதே கதீட்ரல் சதுக்கத்தில் வைத்தோம், ஐந்தரை ஆண்டுகளுக்கு முன் உட்கார்ந்த அதே படிகளில்.

பெல்லாமெத்துக்கு முதலில் போன மாலையில் ஒன்பது பேர் இருந்தோம்; 2018-இல் இருந்தவர்களில் ஆறு பேர், பின்னால் சேர்ந்த மூவர். பின்னால் சேர்ந்தவர்களுக்காக எழுத்தர் அந்த 31 பெயர்களை மீண்டும் வாசித்தார். புதியவர் ஒருவர், தம் பாத்திரம் அந்த ரொட்டிக் கடைக்காரரின் மருமகளாக இருக்கலாமா என்று இரட்டை அடைப்புக்குறிக்குள் கேட்டார். அட்டவணையைத் திறந்து பார்த்தேன். அவருக்கு ஒரு மகன் வெளியூரில் இருந்ததாக 2018 மார்ச்சில் யாரோ ஒருவர் ஒரே ஒரு வரி எழுதிவைத்திருந்தார். இருக்கலாம் என்றேன். இப்போது புதன்கிழமை மாலைகளில் அங்கே கூடுகிறோம். அடுப்பு கட்ட எந்த இடம் சரியாக இருக்கும் என்பதில் இரண்டு வாரமாக உடன்பாடு வரவில்லை. காற்றின் திசை பற்றிப் படகோட்டி ஒன்று சொல்கிறார், மருமகள் வேறொன்று சொல்கிறார், அட்டவணையின் நான்காவது பத்தியில் நான் மூன்று புதிய வரிகளைச் சேர்த்திருக்கிறேன்.